கிழமையும் முதுமையும்: தமிழ் மரபில் ஆண், பெண் மூப்பின் இருவேறு கணக்குகள் (வெள்ளிமலைப் பகுதியை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

மூப்பு உடலில் நிகழ்வது. அதனைக் கணக்கிடும் முறையோ சமூகம் வகுப்பது. தமிழ் இலக்கண, இலக்கிய மரபும் கல்வெட்டுகளும் பிற்காலச் சட்டங்களும் ஆணின் மூப்பைப் பெரும்பாலும் ஆண்டாலும் ஆற்றலாலும் அளந்தன. பெண்ணின் மூப்பை மண உறவாலும் மகப்பேற்றாலும் அளந்தன. இவ்விரு கணக்குகளும் எவ்வாறு உருவாகித் தொடர்ந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை, அம்மலையின் நீர் பாயும் திருமுதுகுன்றம், இன்று அதே மாவட்டத்தில் அடங்கும் திருக்கோவலூர் ஆகியவை களங்களாகக் கொள்ளப்படுகின்றன. 'கிழமை' என்னும் உரிமைச் சொல்லிலிருந்து 'கிழவன்', 'கிழவி' என்னும் முதுமைச் சொற்கள் கிளைத்த வரலாறு, இன்றைய முதிய பெண்ணின் நில உரிமைச் சிக்கலை விளங்கிக்கொள்ளவும் துணைசெய்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மூப்பு, பருவப் பகுப்பு, பாட்டியல், கைம்மை, கல்வராயன் மலை, வன உரிமை

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவுகளாக வழங்கப்பெறும். 2019இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமாக வெள்ளிமலை விளங்குகிறது. மலையில் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கோமுகி, மணிமுத்தாறு ஆகிய ஆறுகள் இம்மலையில் தோன்றுகின்றன. மணிமுத்தாறு கிழக்கே ஓடித் திருமுதுகுன்றம் எனப்படும் விருத்தாசலத்தைத் தொட்டுச் செல்கிறது.

மலையாளி மக்களின் குடியேற்ற மரபுக்கதை, காஞ்சிப் பகுதியிலிருந்து மூன்று உடன்பிறந்தார் மலைகளை நோக்கி வந்ததாகக் கூறும். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என அவர்களின் பெயர்களே வயது வரிசையில் அமைந்துள்ளன. எவர் எம்மலைக்குச் சென்றார் என்பதில் வழக்குகள் வேறுபட்டாலும், மூத்தோன், நடுவோன், இளையோன் என்னும் அடுக்கு மாறுவதில்லை. மலைகளின் உறவுமுறையே ஆண்களின் வயது முறையாக நினைவில் நிற்கிறது. பெண்கள் அக்கதைக்குள் மணத்தின் வழியாக நுழைகின்றனர்; அவர்களுள் எவர் மூத்தவர், எவர் இளையவர் என்பதைக் கதை பொருட்படுத்துவதில்லை.

ஒரு மக்கட்கூட்டத்தின் தோற்றக்கதையில் காணப்படும் இவ்வேறுபாடு அம்மலைக்கு மட்டும் உரியதன்று. ஆணும் பெண்ணும் முதுமை அடையும் முறையைத் தமிழ்ச் சான்றுகள் எவ்வாறு பதிவு செய்தன, அப்பதிவு முறை இன்று யாரைப் பாதிக்கிறது என்னும் இரு வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

பாட்டியல் நூல்களின் பருவப் பகுப்பு

வயதைப் பெயரிட்டுப் பகுத்த தமிழ் நூல்களுள் பாட்டியல் நூல்கள் முதன்மையானவை. பெண்ணின் வாழ்வைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாகவும், ஆணின் வாழ்வைப் பாலன், மீளி, மறவோன், திறவோன், காளை, விடலை, முதுமகன் என ஏழாகவும் அவை பகுக்கின்றன. எண்ணிக்கை ஒத்திருப்பினும் இரு பட்டியல்களின் உள்ளமைப்பு ஒத்ததன்று.

முதலாவதாக, பெயர்களின் பொருளை நோக்கலாம். மீளி, மறவோன், திறவோன், காளை ஆகிய ஆண்பாற் பெயர்கள் வலிமையையும் வீரத்தையும் திறனையும் குறிக்கின்றன. பெண்பாற் பெயர்கள் அறியாமை, இளமை, மடம் முதலிய இயல்புகளையும் பெண்மையின் வளர்ச்சியையும் சுட்டுகின்றன. ஆண் எதனைச் செய்ய வல்லவன் என்பதைக் கொண்டு அவன் பருவமும், பெண் காண்பவர்க்கு எவ்வாறு தோன்றுகிறாள் என்பதைக் கொண்டு அவள் பருவமும் பெயர் பெறுகின்றன.

இரண்டாவதாக, பட்டியல்கள் முடியும் இடம் கருதத்தக்கது. பன்னிரு பாட்டியல் மரபில் ஆணின் விடலைப் பருவம் 30 வயதளவில் முடிய, அதற்கு மேற்பட்டோன் முதுமகன் ஆகிறான். முதுமகனுக்கு மேலெல்லை இல்லை. 31 வயதினனும் 80 வயதினனும் அப்பெயருள் அடங்குவர். பெண்ணின் இறுதிப் பருவமாகிய பேரிளம்பெண்ணுக்கோ மேலெல்லை உண்டு. நூலுக்கு நூல் ஆண்டுக் கணக்கு வேறுபடினும் அது 40 வயதைத் தாண்டுவதில்லை. மேலும், அப்பெயருள் 'இளமை' என்னும் சொல் இன்னும் நிற்கிறது. ஆணின் பட்டியல் முதுமையில் முடிகிறது. பெண்ணின் பட்டியல் முதுமைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. 41 வயதுப் பெண்ணுக்குப் பாட்டியலில் பெயரில்லை.

இதற்குக் காரணம் இப்பகுப்பின் நோக்கத்தில் உள்ளது. உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வர, ஏழு பருவ மகளிர் அவனைக் கண்டு காதல் கொள்வர். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞான உலாவிலும் ஒட்டக்கூத்தரின் மூவருலாவிலும் இவ்வமைப்பே காணப்படுகிறது. உலாவுக்குரிய ஆணின் வயது 48 வரை நீளலாம் என்று பன்னிரு பாட்டியல் இசைவு தருகிறது. முதுமகன் பருவத்தின் பதினெட்டு ஆண்டுகளைக் கடந்த ஆணும் காதலுக்குரிய தலைவனாக வீதியில் வரலாம். அவனைக் காணும் மகளிர் வரிசையில் நாற்பதைக் கடந்த பெண்ணுக்கு இடமில்லை. எனவே இப்பட்டியல் மக்கள் வாழ்வின் முழு அளவுகோல் அன்று. காதற்பாட்டின் தேவைக்கேற்ப அமைந்த அளவுகோல். ஆயினும் பிற்காலத்தில் பள்ளிப் பாடங்களிலும் அகராதிகளிலும் 'பெண்களின் ஏழு பருவங்கள்' என்ற பொதுத்தலைப்பிலேயே இது நிலைபெற்றுவிட்டது.

புறநானூற்றில் நரை

பாட்டியலுக்கு முற்பட்ட சங்கப் பாடல்களில் முதியோர் நிறையவே உள்ளனர். முதிய பெண்ணும் அங்கே மறைக்கப்படவில்லை. ஆனால் ஆணின் நரையும் பெண்ணின் நரையும் வெவ்வேறு வகையில் பேசப்படுகின்றன.

தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243ஆம் பாடலில், கோலூன்றி இருமலுக்கு இடையே பேசும் ஒரு முதியவர், ஆழமான நீர்நிலையில் குதித்து அடியிலிருந்து மணலை அள்ளி வந்த தம் இளமையை எண்ணி ஏங்குகிறார். பிசிராந்தையார் பாடிய 191ஆம் பாடல், ஆண்டுகள் பல ஆகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கூறுகிறது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், நல்லரசு, சான்றோர் வாழும் ஊர் என அக்காரணங்கள் விரிகின்றன. நரிவெரூஉத்தலையார் 195ஆம் பாடலில் நரைத்த ஆடவர் கூட்டத்தை நேர்நின்று இடித்துரைக்கிறார். இம்மூன்றிலும் முதிய ஆண் பேசுகிறான், அல்லது அவனிடம் பேசப்படுகிறது. அவன் முதுமை அவனுக்கே உரிய செய்தி.

பெண்ணின் நரை வரும் பாடல்களை இவற்றோடு ஒப்பிடலாம். பூங்கணுத்திரையாரின் 277ஆம் பாடலில் கொக்கின் இறகுபோல் வெளுத்த கூந்தலை உடைய முதியவளும், காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆம் பாடலில் நரம்பெழுந்து தோள் வற்றிய முதியவளும் போரில் வீழ்ந்த மகனின் தாயராகவே அறிமுகமாகின்றனர். பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய 159ஆம் பாடலில், கோலே காலாக நடந்து, கண் மங்கி, முற்றத்தையும் தாண்ட இயலாத ஒரு தாய் வருகிறாள். முதுமையின் உடல்துன்பத்தை இத்துணை நுணுக்கமாகக் காட்டும் பழம்பாடல்கள் அரியவை. ஆயினும் அப்படம் புலவரின் வறுமையைப் புரவலனுக்கு உணர்த்தவே வரையப்பட்டது. ஆணின் நரை அவனைப் பற்றிப் பேச, பெண்ணின் நரை அவள் மகனைப் பற்றிப் பேசுகிறது.

இவ்வேறுபாட்டை இன்னும் கூர்மையாகக் காட்டுவது 248ஆம் பாடல். ஒக்கூர் மாசாத்தனார் பாடிய இதில் ஒரு பெண் ஆம்பலை நினைக்கிறாள். இளமையில் அது அவளுக்குத் தழையாடை. கணவன் இறந்தபின் அதன் விதை கைம்மை உணவு. 243ஆம் பாடலைப் போலவே இங்கும் நீர்நிலையும் இளமை நினைவும் இழப்பும் உள்ளன. ஆனால் ஆணின் வாழ்வை முன், பின் எனப் பிளப்பது அவன் உடலின் தளர்ச்சி. பெண்ணின் வாழ்வைப் பிளப்பது வேறொருவரின் இறப்பு. இப்பெண் எத்தனை வயதினள் என்று பாடல் கூறவில்லை. கூறத் தேவையும் இல்லை. கைம்மை வந்த நாளே அவள் முதுமையின் முதல் நாள். இருபது வயதிலும் அந்நாள் வரக்கூடும்.

மரபுக்குள் மாற்றுவழியும் இருந்தது. மணம் பேசப்பட்டபோது முதுமையை வேண்டிப் பெற்றவராக ஔவையாரைப் பிற்கால மரபு கூறும். சங்க கால ஔவையார் அதியமானின் அவைக்களத்தில் ஒளிர்ந்த புலவர். அவர் பாடல்களில் முதுமைக்கு முதன்மை இல்லை. அப்பெயரை மூதாட்டி உருவோடு இணைத்தது பிற்கால நினைவு. அவ்வாறே காரைக்கால் அம்மையார் அழகுடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். இரு கதைகளின் உட்பொருளும் ஒன்றே: பெண் ஊர் ஊராகத் தனியே நடக்கவும் எவர் முன்னும் பேசவும் முதுமை ஒரு வாயில். ஆணுக்கு இழப்பாக வந்த முதுமை, இக்கதைகளில் பெண்ணுக்கு விடுதலையாக வருகிறது. ஆனால் அது இளமையை விலையாகக் கேட்கும் விடுதலை.

கோவலூரும் முதுகுன்றமும்

கல்வராயன் மலையைச் சூழ்ந்த நிலப்பகுதியின் கோயில்கள், கைம்பெண் முன் இருந்த இரு முடிவுகளையும் பதிந்து வைத்துள்ளன. மலையமான் மரபில் தோன்றிய வானவன் மாதேவி, சுந்தர சோழரின் தேவி. முதலாம் இராசராசனின் தாய். கணவர் இறந்தபோது பால்குடி மாறாத குழந்தையையும் பிரிந்து அவர் தீப்பாய்ந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு போற்றிக் கூறுகிறது. முதுமையே அடையாத பெண்ணுக்குக் கல்லில் புகழ் கிடைத்தது.

அதே அரச குடும்பத்தில் மற்றொரு தேவி முதுமை வரை வாழ்ந்தார். கண்டராதித்த சோழர் 957ஆம் ஆண்டளவில் மறைந்தபின், செம்பியன் மாதேவியார் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைம்பெண்ணாக வாழ்ந்து, செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். மணிமுத்தாற்றங்கரையின் திருமுதுகுன்றக் கோயிலும் அவர் திருப்பணி பெற்றவற்றுள் ஒன்று. இத்துணை நீண்ட, செயல் நிறைந்த முதுமை வாய்த்தவர்கள் சோழர் வரலாற்றில் மிகச் சிலரே. ஆயினும் கல்வெட்டுகள் அவரை மழவரையர் மகளார், கண்டராதித்தர் தேவியார், உத்தம சோழரைப் பெற்ற தாய் என்றே அறிமுகம் செய்கின்றன. தந்தை, கணவர், மகன் என்னும் மூன்று உறவுகளே அவருக்கு முகவரி.

அவர் கற்றளியாக்கிய கோயிலின் தலக்கதை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. முதுகுன்றத்தில் இறைவன் பெயர் பழமலைநாதர். இறைவி பெரியநாயகி, வடமொழியில் விருத்தாம்பிகை. பசியோடு வந்த குரு நமச்சிவாயர் இறைவியை முதியவளாக விளித்துப் பாடினார் என்றும், முதியவளால் சோறு கொண்டுவர இயலுமோ, இளையவளாகப் பாடுக என்று அவள் கேட்டாள் என்றும், அவர் அவ்வாறே பாட இளம்பெண்ணாக வந்து உணவளித்தாள் என்றும் அம்மரபு கூறும். பாலாம்பிகையாகிய இளையநாயகி அங்கே எழுந்தருளியிருப்பதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

இறைவனும் இறைவியும் ஒருசேர முதுமைப் பெயர் கொண்ட தலம் அது. ஆயினும் இறைவனின் முதுமை பெருமையாகவே நின்றுவிட்டது; அவனை இளையவனாக்க எவரும் கதை புனையவில்லை. இறைவியின் முதுமைக்கே மறுமொழி தேவைப்பட்டது. அக்கதையில் இறைவியின் வாதமும் கருதத்தக்கது. அழகு குன்றியதை அவள் சொல்லவில்லை. சோறு கொண்டுவரும் உழைப்பைச் சொன்னாள். முதிய பின்னும் பெண்ணிடம் எதிர்பார்க்கப்படுவது ஊட்டும் வேலை. அவ்வேலைக்கு உடல் ஈடுகொடுக்காமை அவளது குறை. வீட்டின் மூதாட்டியிடம் காலந்தோறும் இருந்துவரும் எதிர்பார்ப்பே கோயிற்கதையாகியுள்ளது.

மண வயது இடைவெளியும் ஆயுள் இடைவெளியும்

ஆண், பெண் மூப்பின் வேறுபாட்டை வடிவமைத்ததில் மண வயதுக்குப் பெரும்பங்கு உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைமக்களுக்குக் கூறும் பத்து ஒப்புமைகளுள் 'ஆண்டு' ஒன்று. ஆனால் தலைவிக்கு 12, தலைவனுக்கு 16 என்றே இறையனார் களவியலுரை உள்ளிட்ட உரைமரபு வயது வகுத்தது. நான்காண்டு இடைவெளியே ஒப்பு எனக் கொள்ளப்பட்டது.

இவ்விடைவெளி நவீனச் சட்டத்திலும் தொடர்ந்தது. சாரதா சட்டம் எனப்படும் 1929ஆம் ஆண்டுக் குழந்தை மணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வரையறுத்தது. 1978ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை 18, 21 என உயர்த்தியது. பெண்ணின் மண வயதையும் 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிமுகமாகி, சட்டமாகாமலேயே காலாவதியானது. வயதுகள் உயர்ந்தன, பெண் இளையவளாக இருத்தல் வேண்டும் என்னும் உரையாசிரியர் கருத்து உயிரோடு உள்ளது.

மறுபுறம், உயிரியலும் மக்கள்தொகை வரலாறும் வேறு கணக்கைத் தருகின்றன. சுவீடன் நாட்டின் வாழ்நாள் அட்டவணைகள் 1751 முதலே பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. இந்தியாவின் நிலை நெடுங்காலம் இதற்கு மாறாக இருந்தது. மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி, 1970-75இல் பிறப்பின்போதைய எதிர்பார்ப்பு ஆயுள் ஆணுக்கு 50.5 ஆண்டுகள், பெண்ணுக்கு 49.0 ஆண்டுகள். 1981-85இல் அது முறையே 55.4, 55.7 ஆயிற்று. 2016-20இல் 68.6, 71.4 என இடைவெளி விரிந்தது. உடலியல்பால் கூடுதல் ஆயுளுக்கு வாய்ப்புடைய பெண், குறைந்த உணவாலும் இளவயது மகப்பேற்றாலும் மருத்துவக் குறையாலும் அவ்வாய்ப்பை இழந்திருந்தாள் என்பதும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே அதனைப் பெறத் தொடங்கினாள் என்பதும் இவ்வெண்களின் பொருள்.

நீண்ட வாழ்வு நலமான வாழ்வு ஆகிவிடுவதில்லை. மாதவிடாய் நின்றபின் ஈத்திரோசன் சுரப்பு குறைவதால் பெண்ணின் எலும்பு விரைவாக அடர்த்தி இழக்கிறது. ஆணுக்கு அத்தகைய திடீர்த் திருப்பம் இல்லை. மாரடைப்பு போன்ற உயிர்கொல்லி நோய்கள் ஆணை முன்னதாகத் தாக்க, மூட்டுவலி, எலும்பு முறிவு போன்ற நீடித்த துன்பங்கள் பெண்ணோடு தங்குகின்றன. ஆண் முன்னதாக இறக்கிறான். பெண் நோயோடு நீண்டு வாழ்கிறாள்.

இப்போது இரு இடைவெளிகளையும் ஒருசேர வைத்து எண்ணலாம். சட்டம் ஏற்கும் மூன்றாண்டு மண இடைவெளியோடு ஏறத்தாழ மூன்றாண்டு ஆயுள் இடைவெளியைக் கூட்டினால், சராசரியாக ஆறு ஆண்டுக் கைம்மை பெண்ணின் வாழ்வில் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பது புலனாகும். வயது இடைவெளி மிகுந்த மணங்களில் அது இன்னும் நீளும். இந்தியாவில் 60 வயதைக் கடந்த பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் கணவரை இழந்தவர்கள். மனைவியை இழந்த முதிய ஆண்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்துகொள்வதைச் சமூகம் எளிதில் ஏற்பதும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம். உரையாசிரியர் வகுத்த இடைவெளியின் விலையைப் பெண் தன் இறுதி ஆண்டுகளில் செலுத்துகிறாள்.

வெள்ளிமலையில் முதுமை

கல்வராயன் மலை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் எனப்படும் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சமவெளியில் ஜமீன்கள் ஒழிந்து பல்லாண்டுகள் கடந்த பின்னரே, 1976இல், அரசு இம்மலையை நேரடியாகத் தன் பொறுப்பில் ஏற்றது. ஆகவே இன்று அறுபதைக் கடந்த மலைவாசி ஒவ்வொருவரும் ஜாகீர் காலத்தில் பிறந்தவர். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969இல். அதற்கு முன் மலையில் பிறந்தவர்க்குப் பிறப்புச் சான்று கிடைப்பது அரிது. பள்ளிக்கே செல்லாத தலைமுறைக்குப் பள்ளிச் சான்றும் இல்லை. ஆதார் அட்டையில் அவர்களின் வயது, சொன்ன வயதாகவோ கண்மதிப்பில் குறித்த வயதாகவோ இடம்பெறுகிறது. பாட்டியல் பகுத்த வயதைப் போலவே இதுவும் பிறர் வகுத்த வயதே.

ஆணின் முன்னிறப்புக்கு இப்பகுதியில் மற்றொரு காரணமும் உண்டு. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நால்வருக்கு ஒருவர் மது அருந்துகிறார். பெண்களில் அவ்வாறு அருந்துவோர் நூற்றுக்கு ஒருவரும் இலர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இறந்தோருள் பெண்களும் இருந்தனர், பெரும்பாலோர் ஆண்கள். சில நாட்களில் ஒரு நகர்ப்பகுதியில் பல பெண்கள் கைம்மை எய்தினர். இதன் பின்னர்ச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து வழக்கெடுத்து, சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் குறித்து அரசிடம் வினவியது. ஆணின் குறைந்த ஆயுளில் உடலியல்பின் பங்கு எவ்வளவாயினும், ஆண்மையின் அடையாளமாகக் குடியை ஏற்ற பழக்கத்தின் பங்கும் சிறிதன்று. திறவோன், காளை என்னும் ஆற்றற் பெயர்கள் ஆணுக்குப் பெருமை தந்தன. அவ்வாற்றலைக் காட்டியே தீரவேண்டிய சுமையையும் தந்தன.

அரசின் உதவித்தொகை வரலாற்றிலும் இரு கணக்குகள் தொடர்கின்றன. சென்னை மாநிலம் 1962இல் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. 1975இல் ஆதரவற்ற கைம்பெண்களுக்கும், 1986இல் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும், 2008இல் 50 வயதைக் கடந்த மணமாகாத ஏழைப் பெண்களுக்கும் தனித்தனித் திட்டங்கள் வந்தன. இவை பெண்களின் உண்மைத் துன்பத்தை உணர்ந்து வகுத்த நற்றிட்டங்கள். மாதந்தோறும் கைக்கு வரும் தொகை பலருக்கு உயிர் காப்பது. ஆயினும் அவற்றின் தலைப்புகளைக் கூர்ந்து நோக்கினால் பழைய பகுப்பு தெரியும். கணவர் இறந்தவள், கணவர் விட்டுப்பிரிந்தவள், கணவரே வாய்க்காதவள் எனப் பெண் மூவகைப்படுகிறாள். முதிய ஆணுக்கு இத்தகைய உட்பிரிவு இல்லை. தன் வயதை மெய்ப்பிப்பது அவனுக்குப் போதும். கைம்பெண் உதவித்தொகை கேட்பவளோ கணவரின் இறப்புச் சான்றைக் காட்டவேண்டும். இறப்பைப் பதியாத மலையூரில் அச்சான்று இல்லையெனில், ஊரே அறிந்த அவளது கைம்மை ஏட்டில் ஏறுவதில்லை. செம்பியன் மாதேவியாரின் கல்வெட்டு முகவரியும் வெள்ளிமலை மூதாட்டியின் விண்ணப்பமும் இவ்வகையில் ஒரே இலக்கணத்தால் எழுதப்பட்டவை.

கிழமை என்னும் உரிமை

தொல்காப்பியம் அகத்திணைத் தலைமக்களைக் கிழவன், கிழத்தி என்று வழங்குகிறது. கிழமை என்பது உரிமை. அப்பெயர்கள் ஒருவர்க்கொருவர் உரிமையுடைய இருவரைக் குறித்தன. அங்கே முதுமைப்பொருள் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ப்பெயரோடு சேர்ந்து வரும் கிழவன், கிழான் என்னும் பட்டங்கள் நில உடைமையைக் காட்டுகின்றன. உரிமையுடையவன் என்னும் பொருள் காலப்போக்கில் தேய, முதியவன் என்னும் பொருள் நிலைத்தது. நிலமுடைய குடித்தலைவர் பெரும்பாலும் மூத்தோராக இருந்தமை இம்மாற்றத்துக்கு வழிகோலியிருத்தல் கூடும். எனவே 'கிழவன்' என்னும் முதுமைச் சொல்லின் அடியில் நிலம் இருக்கிறது. 'கிழவி' அச்சொல்லின் பெண்பால் வடிவமாக நிலைத்தபோது முதுமை வந்தது. நிலம் பெரும்பாலும் உடன் வரவில்லை.

இது சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மைய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்கு அச்சட்டம் பொருந்தாது என்கிறது. பழங்குடி வழக்காறுகளைக் காக்கும் நோக்குடைய இவ்விலக்கு, மகளுக்கும் கைம்பெண்ணுக்கும் உரிய நிலப்பங்கை வழக்காற்றின் கையில் விட்டுவிட்டது. இவ்விலக்கை மறுபரிசீலனை செய்யுமாறு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மைய அரசைக் கேட்டுக்கொண்டது.

மாறாக, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இரு வகைகளில் முதிய பெண்ணுக்குக் கதவு திறக்கிறது. மணமானவர்களுக்கு வழங்கும் உரிமைப் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதியப்படவேண்டும் என்பது அச்சட்டத்தின் நான்காம் பிரிவு. தனியொருவர் தலைமை ஏற்கும் குடும்பமாயின் அவர் பெயரில் பதியப்படும். பெண் ஒருவரே தலைமை ஏற்கும் குடும்பத்துக்கும் இது பொருந்தும். இரண்டாவதாக, உரிமை கோருவோர் அல்லாத முதியோரின் வாய்மொழி எழுத்தில் பதியப்பட்டால் அதனைச் சான்றாக ஏற்கலாம் என்று அச்சட்டத்தின் விதிகள் கூறுகின்றன. சாமை விளைந்த சரிவு எது, புளிய மரம் எவருடையது, பழைய ஊர்ப்பாதை எங்கே சென்றது என்பவற்றை நினைவில் வைத்திருப்பவர் முதியோர். ஆண்கள் முன்னதாக மறையும் ஊரில் அந்நினைவைத் தாங்கி எஞ்சியிருப்போருள் பெண்களே மிகுதியாக இருப்பர். தன் வயதுக்கே சான்று இல்லாத மூதாட்டி, ஊரின் நிலத்துக்குச் சான்றாகலாம். அவளைக் கிராமசபையில் அமர்த்தி அவள் சொல்லை எழுதிக்கொள்வது சலுகை அன்று. சட்டம் ஏற்ற நெறி.

முடிவுரை

ஆணும் பெண்ணும் ஒரே வகையில் மூப்படைவதில்லை என்பதற்கு உடலியலில் காரணம் உண்டு. ஆனால் அவ்வேறுபாட்டைத் தமிழ் மரபு கணக்கிட்ட முறைக்கு உடலியல் பொறுப்பாகாது. ஆணின் முதுமையை அவனுடைய ஆண்டுகளும் ஆற்றலும் சொல்ல, பெண்ணின் முதுமையை அவளது கணவனும் மகனும் சொன்னார்கள். பாட்டியல் அவளை நாற்பதில் நிறுத்தியது. கைம்மை நோன்பு இருபதிலேயே அவளை முதியவளாக்கியது. இவ்விரண்டுக்கும் இடையே அவள் உண்மையில் வாழ்ந்த ஆண்டுகள் பதிவாகவில்லை.

பெண் ஆணைவிட நீண்டு வாழத் தொடங்கிவிட்ட இக்காலத்தில் அப்பதிவின்மை பெருங்குறை. வருங்காலத்தில் நம் முதியோருள் பெரும்பகுதியினர் பெண்களாகவே இருப்பர். அவர்களுள் பலர் தனித்து வாழ்வர். கணவரின் இறப்புச் சான்றைக் கேட்கும் முன் அவளது வயதைக் கேட்டு எழுதுவதும், பட்டாவில் அவள் பெயர் இருக்கிறதா என்று நோக்குவதும், அவள் நினைவைச் சான்றாகப் பதிவதும் இன்று செய்யக்கூடியவை. கிழத்தி என்னும் சொல் ஒருகாலத்தில் உரிமையுடையவள் என்றே பொருள்பட்டது. அப்பொருளை மீட்டெடுக்கும் வாய்ப்பு இன்று மொழிநூலாரிடம் இருப்பதைவிட வெள்ளிமலைக் கிராமசபைகளிடமே மிகுதியாக உள்ளது.